மூணாம் தூண்ல போட்ட கோடு

ஒரு ஊர்ல ஒரு பாலம் இருந்துச்சு. ரோட்டுப் பாலம் இல்ல, ரயில் பாலம். அந்தப் பாலத்துக்கு ஒரு காவக்காரர் இருந்தாரு, பேரு சந்தியாகு. அவரை நான் கடைசியா உசுரோட பாத்தது ஐப்பசி மாசம் ஒரு நாள், சாயங்காலம் நாலு மணி. சோன்னு மழை. சாக்கை மடிச்சு கொங்காணியா தலையில போட்டுக்கிட்டு, கையில பச்சைக் கொடி, இடுப்புல செவப்புக் கொடியைச் சொருகிக்கிட்டு, சிலீப்பர் கட்டை மேல ஒவ்வொரு காலா எடுத்து வச்சு அக்கரையைப் பாத்து நடந்து போனாரு. பத்துப் பதினைஞ்சு கட்டை வரைக்கும் முதுகு தெரிஞ்சுது. அப்புறம் மழைதான் தெரிஞ்சுது.

"ம்."

அப்படித்தான், ம் சொல்லிக்கிட்டே வா இனியா. இன்னைக்கு ரயில்ல வரும்போது ஜன்னல் வழியா பாத்து நீ என்னைக் கேட்டே, ஆத்து நடுவுல ஒத்தையா ஒரு தூணு நிக்குதே, அதுல செவப்பா ஒரு கோடு இருக்கே, யாரு தாத்தா போட்டான்னு. நான் முறுக்குக்காரரைக் கூப்பிட்டு உன் வாயை அடைச்சிட்டேன். வயசான காலத்துல ஒரு சின்னப் புள்ளைக்குப் பயந்து முறுக்கு வாங்கியிருக்கேன். அதான் இப்போ சொல்றேன். போர்வையை இழுத்து மூடிக்க.

அந்தப் பாலம் என் தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல, வெள்ளைக்காரங்க இருந்தப்போ கட்டினது. கொன்னையாறு இருக்கே, அது பத்து மாசம் வெறும் மணலு. ஆடு நடந்து போகும், குளம்பு கூட நனையாது. மிச்சம் ரெண்டு மாசம் வரும் பாரு தண்ணி, திமுதிமுன்னு. மொதத் தடவை தூணு எழுப்பினாங்க, ஆறு மடமடன்னு சாய்ச்சுட்டுப் போச்சு. ரெண்டாந் தடவை இன்னும் பெருசா எழுப்பினாங்க, அதையும் சாய்ச்சிருச்சு. மூணாந் தடவை மணலுக்குள்ள கிணறு மாதிரி வட்டமா இறக்கி, ஆளுங்க முக்குளிச்சு முக்குளிச்சு மணலை வாரி வெளியே போட்டு, ஆழத்துல கொண்டு போய் நிறுத்தினாங்க. மொத்தம் ஏழு தூணு. அதுல மூணாம் தூணுக்கு மட்டும் அடியில பாறை கிடைச்சுது. மத்த ஆறுக்கும் களிமண்ணுதான். அதனால ஆத்துல தண்ணி கூடினா ரயிலை விடக் கூடாதுன்னு ஒரு முறை வச்சாங்க.

"எப்படித் தெரியும், கூடிருச்சுன்னு?"

அதுக்குத்தான் கோடு. மூணாம் தூண்ல ஒரு செவப்புக் கோடு. தண்ணி கோட்டைத் தொட்டுச்சுன்னா எந்த ரயிலும் பாலத்துல ஏறக் கூடாது. கோட்டுக்குக் கொஞ்சம் கீழ நின்னுச்சுன்னா, ரயில் வரலாம், ஆனா நடக்கிற மாதிரிதான் வரணும். காவக்காரர் முன்னால பச்சைக் கொடியோட நடந்து போவாரு, இஞ்சின் பின்னாலயே உஸ்ஸு உஸ்ஸுன்னு அவரு கூடவே வரும். கல்யாண மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வர்ற மாதிரி இருக்கும், பாக்க.

சிரிக்கிறியா. அப்போ எல்லாரும் அப்படித்தான் சொல்லிச் சிரிப்பாங்க. சந்தியாகு அண்ணனுக்கு மாப்பிள்ளைத் தோழன்னே பேரு.

அந்தக் கோட்டைப் போடுறதுக்கும் ஒரு முறை உண்டு. வருஷா வருஷம் புரட்டாசி கடைசியில, மழை தொடங்குறதுக்கு முன்ன போடணும். ஒரு பலகையில ரெண்டு பக்கமும் கயிறு கட்டி, அதுல ஒரு ஆளை உக்கார வச்சு, மேல பாலத்துலேருந்து கீழ இறக்குவாங்க. அதுக்குத் தொட்டில்னு பேரு. தொட்டில்ல தொங்கிக்கிட்டே, தண்டவாளத்தைத் தாங்குற இரும்புக் கர்டருக்கு அடியிலேருந்து கீழ்நோக்கி ஆறடிக் கம்பை வச்சு அளந்து, உளியால ஒரு தடம் வெட்டி, அதுல செவப்பு பூசணும். மேலேருந்துதான் அளக்கணும். கீழேருந்து அளக்கக் கூடாது. எங்க மேஸ்திரி வீரணன் வேலையில சேந்த அன்னைக்கே எங்களுக்கெல்லாம் சொன்னாரு, மணலு இந்த வருஷம் ஒரு மட்டத்துல கிடக்கும் அடுத்த வருஷம் வேற மட்டத்துல கிடக்கும், அதைத் தொட்டு அளக்காதீங்கடான்னு.

"ம்."

நான் அப்போ அந்தப் பாலத்துல தண்டவாள வேலை பாக்கிற கேங்மேன். இருபத்து நாலு வயசு. எதைத் தூக்கச் சொன்னாலும் தூக்குவேன், எவ்வளவு வெயில்லயும் நிப்பேன். உயரம் மட்டும் ஆகாது. சேந்த வருஷம் என்னைத் தொட்டில்ல இறக்கினாங்க. ரெண்டு ஆள் ஆழம் போறதுக்குள்ள தலை கிர்ருன்னு சுத்தி, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, எங்கம்மாவைக் கூப்பிட்டு ஓன்னு அழுதுட்டேன். மேல இழுத்தாங்க. அன்னையிலேருந்து என் பேரு பூமிநாதன் இல்ல, தொட்டில் புள்ள. தண்ணி குடிக்கப் போனா, பால் வேணுமாடான்னு கேப்பானுங்க. கல் சுமக்கும்போது ஒருத்தன் தாலாட்டுப் பாடுவான், இன்னொருத்தன் கிலுகிலுப்பை ஆட்டுற மாதிரி மம்பட்டியை ஆட்டுவான். சந்தியாகு அண்ணன் ஒருத்தருதான் சிரிக்க மாட்டாரு. அவரு மட்டும் பூமின்னு கூப்பிடுவாரு.

அப்புறம் அந்த வருஷம் வந்துச்சு. கோடையில தூணுக்கெல்லாம் புதுசா சிமிண்டு பூசிட்டாங்க. பழைய கோடு பூச்சுக்கு உள்ள போயிருச்சு. புதுசா போடணும். மேஸ்திரி என்னைக் கைகாட்டி, இந்த வருஷம் தொட்டில் புள்ளதான் இறங்கணும்னுட்டாரு. எல்லாரும் கைதட்டுனாங்க.

கயிறு பிடிக்கிறது சந்தியாகு அண்ணன் வேலை. ஆனா அன்னைக்கு அவரு மக பிலோமிக்குக் கோயில்ல புது நன்மை. பத்து வயசுப் புள்ள, வெள்ளைக் கவுன் போட்டு, தலையில பூவளையம் வச்சு, அவங்க வேதத்துல அது ஒரு பெரிய நாள். அவரு போகும்போது என் தோளைத் தொட்டு, நான் வர்ற வரைக்கும் இறங்காதே பூமி, வந்து நானே பிடிக்கிறேன், நான் பிடிச்சா நீ விழ மாட்டேன்னு சொல்லிட்டுப் போனாரு.

நான் இருந்திருக்கலாம். இல்லையா. ஒரு அரை நாள்.

ஆனா அவரு வந்தா இறங்கணுமே. அதை நெனைச்சாலே உள்ளங்காலு கூசுச்சு. அப்போ எனக்கு ஒண்ணு தோணுச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்ன, சும்மா இருந்த நேரத்துல, மணல்ல நின்னு அந்தப் பழைய கோட்டை அளந்து பாத்திருக்கேன். சரியா ரெண்டு கம்பு, பன்னெண்டு அடி. அந்த அளவு மனசுல இருந்துச்சு. மேஸ்திரியும் கேங்கும் அக்கரைப் பக்கம் தண்டவாள வேலையில இருந்தாங்க. சுத்தி முத்தி பாத்தேன். யாரும் இல்ல. ஏணியைத் தூக்கிட்டுப் போய் மணல்ல நட்டு, கீழேருந்து ரெண்டு கம்பு அளந்து, டக் டக்குன்னு தடம் வெட்டி, செவப்பு பூசிட்டேன். சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிஞ்சிருச்சு.

போன வருஷ வெள்ளம் அந்தத் தூணைச் சுத்தி ரெண்டு அடி உயரத்துக்குப் புது மணலைக் கொண்டு வந்து கொட்டியிருந்துச்சு. அது எனக்குத் தோணவே இல்ல.

"அப்போ கோடு மேல போயிருச்சா?"

மேல போயிருச்சு. ரெண்டு அடி.

சாயங்காலம் சந்தியாகு அண்ணன் வெள்ளைச் சட்டையோட வந்தாரு. கோட்டைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. தொட்டில்ல இறங்கிட்டியான்னு கேட்டாரு. நான் தலையை ஆட்டினேன். கயிறு யாரு பிடிச்சான்னு கேட்டாரு. ரயில்வே கேட்டுலேருந்து ஒரு ஆள் வந்தான்னு சொன்னேன். மனுசனுக்கு அப்படி ஒரு சந்தோசம். மக விசேசத்துக்குச் செஞ்ச அச்சு முறுக்கையும் கேக்கையும் பொட்டலத்தோட என் கையில குடுத்தாரு. மறுநாள் கேங்குல எல்லாரையும் நிக்க வச்சு, இனிமே எவனாவது இவனைத் தொட்டில் புள்ளன்னு சொன்னா என்கிட்ட பேச வேண்டாம்னு சொல்லிட்டாரு. அதோட அந்தப் பேரு போச்சு.

ஒரே ஒரு தடவை, ஒரு வாரம் கழிச்சு, குடிசை வாசல்ல நின்னு தூணைப் பாத்துக்கிட்டே, என்னமோ கோடு கொஞ்சம் ஒசந்த மாதிரி தெரியுதே பூமின்னாரு. நான், புதுப் பூச்சுண்ணே, வெள்ளையா இருக்கிறதால அப்படித் தெரியுதுன்னேன். அவரு சரின்னுட்டாரு.

"ம்."

அப்புறம் ஐப்பசி வந்துச்சு. மூணு நாள் விடாத மழை. கொன்னையாறு செக்கச் செவேல்னு, வைக்கோல் போரு, கூரை, செத்த ஆடு எல்லாத்தையும் உருட்டிக்கிட்டு வந்துச்சு. நாலு மணி பாசஞ்சர் அக்கரையில நிக்குது. கூ...ன்னு ஊதுது, வரலாமா வரலாமான்னு. பாலத்துக்கு இந்தப் பக்கம் காவக்காரர் குடிசை. சந்தியாகு அண்ணன் வெளியே வந்து கண்ணுக்கு மேல கையை வச்சு மூணாம் தூணைப் பாத்தாரு. அவருக்குத் தூரப் பார்வை கொஞ்சம் மங்கல். மழையில சுத்தமா தெரியல.

அப்போ அவரு என்னைக் கூப்பிட்டாரு. "பூமி, உன் கண்ணு நல்ல கண்ணு. கோட்டுக்கும் தண்ணிக்கும் எவ்வளவு இருக்கு, பாத்துச் சொல்லு."

நான் பாலத்துல ஏறி எட்டிப் பாத்தேன். தண்ணி கோட்டுக்கு ஒரு சாண் கீழ ஓடுது. பாத்துக்கிட்டே இருக்கேன், ஒரு முருங்கை மரம் வேரோட மிதந்து வந்துச்சு. அதோட ஒரு கிளை நேரா மேல இருக்கிற கர்டர்ல கிறீச்சுன்னு உரசிட்டுப் போச்சு. கோட்டுக்கும் கர்டருக்கும் நடுவுல ஆறு அடி இருக்கணும், கண்ணு. ஒரு ஆள் நிமிந்து நிக்கலாம். அந்தக் கிளை அவ்வளவு நீளம் இல்ல.

எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. அந்த வருஷத்து மணலு, ஏணி, எல்லாம் ஒண்ணா கண்ணுக்கு முன்ன வந்துச்சு. அண்ணே, கோடு தப்புண்ணே. மூணே வார்த்தை. அதைச் சொன்னா, ஏன் தப்புன்னு கேப்பாரு. தொட்டில்ல இறங்கலைன்னு சொல்லணும். மறுநாள் கேங்கு முழுக்கத் தெரியும். மறுபடியும் தாலாட்டுப் பாடுவானுங்க.

அதை நெனைச்சேன் நான். ஆத்துல அவ்வளவு தண்ணி போகுது, நான் அதை நெனைச்சுக்கிட்டு நின்னேன்.

"என்ன சொன்னே தாத்தா?"

"ஒரு சாண் இருக்குண்ணே"ன்னு சொன்னேன்.

"நீ போட்ட கோடு. நீ சொன்னா சரி"ன்னு சொல்லிட்டு, கொங்காணியைச் சரி பண்ணிக்கிட்டு அவரு நடந்தாரு. மொதல்ல சொன்னேனே, முதுகு. அதுதான்.

அக்கரைக்குப் போய், இஞ்சினுக்கு முன்னால திரும்பி, இந்தப் பக்கம் பாத்து நடந்து வந்திருக்காரு. பின்னால ரயிலு, உஸ்ஸு உஸ்ஸுன்னு. இஞ்சின் டிரைவர் அப்புறமா சொன்னாரு. அந்தப் பக்கத்துலேருந்து ரெண்டு தூணு தாண்டினதும், முன்னால போனவரு சட்டுன்னு நின்னாராம். குனிஞ்சு கட்டையில உள்ளங்கையை வச்சுப் பாத்தாராம். பச்சைக் கொடியை விட்டுட்டு, இடுப்புல இருந்த செவப்பை உருவி, திரும்பி, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு இஞ்சினைப் பாத்து நின்னாராம். ஓடியிருந்தா ஓடியிருக்கலாம். டிரைவர் பிரேக்கைப் போட்டுட்டாரு. கிறீச்...சுன்னு நின்னுச்சு. அப்போதான் அஞ்சாம் தூணும் நாலாம் தூணும் படார்னு உக்காந்துச்சு. கர்டரோட அவரும் போயிட்டாரு. இஞ்சினோட முன் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவுல நாலு கட்டைதான் இருந்துச்சாம். ரயில் முழுக்க சனம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல.

எனக்கு இந்தக் கரையில படார்னு சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

"ம்."

கிட்ட வா. கால் சில்லுன்னு இருக்கு உனக்கு.

அதுக்கப்புறம் எனக்கு மூணு வாய்ப்பு கிடைச்சுது. கதையில எல்லாம் மூணு வரும் இல்ல, அதே மாதிரி.

மொத வாய்ப்பு, விசாரணைக்கு வந்த அதிகாரி. அன்னைக்கு இருட்டினப்புறம் வெள்ளம் இன்னும் ஏறி, கோட்டையும் முழுங்கி, அதுக்கு மேல சேறு அப்பிட்டு வடிஞ்சிருந்துச்சு. அதிகாரி வந்து பாத்தப்போ, கோடு சேத்துக்கு உள்ள. கர்டர் விழுந்து கிடக்கு, மேலேருந்து யாரும் அளக்கலை. அவரு கேட்டது ஒரே கேள்வி, ரயிலை விட்டப்போ தண்ணி கோட்டுக்குக் கீழ இருந்துச்சா மேல இருந்துச்சா. அது தெரிஞ்சவங்க ரெண்டு பேரு. ஒருத்தரு ஆத்தோட போயிட்டாரு. அதிகாரி நல்ல மனுசன். எனக்கு டீ வாங்கிக் குடுத்து, பயப்படாம சொல்லு தம்பின்னாரு. கீழ இருந்துச்சுன்னு சொன்னா, அப்புறம் ஏன் பாலம் விழுந்துச்சு, கோடு யாரு போட்டதுன்னு வரும். நான், "பாக்கலை சார்"ன்னு சொன்னேன். டீயைக் குடிச்சேன்.

சேத்துத் தடத்தை வச்சு அவங்க எழுதிட்டாங்க, தண்ணி கோட்டைத் தாண்டினப்புறமும் காவக்காரர் ரயிலை விட்டாருன்னு. நிறுத்தினது சரிதான், ஆனா விட்டதே தப்புன்னு. ஊர்ல பேச்சு வேற மாதிரி போச்சு. குடிச்சிருப்பான், கோடு ரெண்டாத் தெரிஞ்சிருக்கும்னு டீக்கடையில சிரிச்சாங்க. அவரு காபி கூட நாக்கைச் சுடும்னு ஆத்தி ஆத்திக் குடிக்கிற ஆளு.

ரெண்டாவது வாய்ப்பு, அவரு சம்சாரம் லூர்து மதினி. பேரு கெட்டுப் போனதால, புருசன் செத்தா சம்சாரத்துக்குக் குடுக்கிற வேலை மதினிக்கு இல்லைன்னுட்டாங்க. குடிசையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நான்தான் வண்டியில சாமான் ஏத்தினேன். பிலோமி அந்த வெள்ளைக் கவுனை மடியில வச்சுக்கிட்டு மூட்டை மேல உக்காந்திருந்துச்சு. மதினி என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிட்டுப் போனாங்க. அழவும் இல்ல, கோபப்படவும் இல்ல.

"தம்பி, அன்னைக்கு அவரு உங்களைக் கூப்பிட்டது எனக்கு உள்ள கேட்டுச்சு. நீங்க என்ன சொன்னீங்கன்னுதான் மழையில கேக்கல. என்ன சொன்னீங்க?"

நான் மாட்டுக் கயித்தை முடிஞ்சுக்கிட்டே, "ஞாபகம் இல்ல மதினி"ன்னு சொன்னேன். அவங்க என் கையவே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், கயித்தை நல்லா இறுக்குங்க, வழியில அவுந்துறப் போகுதுன்னாங்க. வண்டி கடகடன்னு போயிருச்சு. அதுக்கப்புறம் அவங்களை நான் பாக்கலை. அவங்க இறந்தது கூட எனக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

மதினி போன கொஞ்ச நாள்ல, தண்ணி வத்தினப்புறம், ஏணியை எடுத்துட்டுப் போய் கோட்டுலேருந்து தூணு உச்சி வரைக்கும் கம்பு வச்சுப் பாத்தேன். கர்டரு உக்காந்திருந்த கல்லு அங்கதான் இருக்கு. நாலு அடி. ஒரு தடவைக்கு மூணு தடவை வச்சுப் பாத்தேன். நாலுதான்.

அப்புறம் கொஞ்சம் மேற்கால புதுப் பாலம் கட்டினாங்க, இன்னைக்கு நாம வந்தோமே, அது. பழைய பாலத்தை வெடி வச்சு டமார் டமார்னு தகர்த்தாங்க. மூணாம் தூணு அடியில பாறையைப் பிடிச்சிருந்ததால அசையலை. சரி கிடக்கட்டும்னு விட்டுட்டுப் போயிட்டாங்க.

"மூணாவது வாய்ப்பு?"

நீ தூங்கிட்டேன்னு நெனைச்சேன். மூணாவது, பிலோமி. வளந்து, டீச்சராகி, முப்பது வயசுல ஒரு நாள் வந்து நின்னுச்சு. சித்தப்பான்னு கூப்பிட்டுச்சு. கையில ஒரு சின்ன வெள்ளைப் பெயிண்டு டப்பா. எங்கப்பா பேரை அந்தத் தூண்ல எழுதணும், கோட்டுக்குப் பக்கத்துல, நீங்க எழுதித் தாங்கன்னு கேட்டுச்சு. அதுக்குள்ள லாரி லாரியா மணலை அள்ளி ஆத்தைப் பள்ளமாக்கிட்டாங்க. கோடு எங்கயோ உயரத்துல நிக்குது. ஏணி எட்டாது, மேலேருந்து கயிறு கட்டித்தான் இறங்கணும். என்னால முடியாதும்மான்னு சொன்னேன். அதுவே எட்டின உயரத்துக்கு எழுதுச்சு. சந்தியாகு, பாலக் காவலர். அவ்வளவுதான். நான் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

கிளம்பும்போது அந்தப் புள்ள சொல்லுச்சு, "ஊர்ல எல்லாரும் எங்கப்பாவைக் குடிகாரர்னு சொன்னப்போ நீங்க மட்டும் சொல்லலை சித்தப்பா. அம்மா சாகும்போது கூட அதைச் சொல்லுச்சு."

அப்பவும் நான் டப்பாவை மூடி அது கையில குடுத்து அனுப்பினேன். உங்க அப்பத்தாகிட்ட கூட உண்மையைச் சொன்னதில்ல, அவளோட நாப்பது வருஷம் இருந்தேன். உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன், அதுவும் நீ பாதித் தூக்கத்துல இருக்கும்போது. அதுலயும் ஒரு திருட்டுத்தனம் இருக்கு, பாரு.

"தாத்தா."

என்ன கண்ணு?

"அந்த டீச்சர் இப்போ எங்க இருக்காங்க?"

திண்டுக்கல்ல. நம்பர் என் டைரியில இருக்கு. கிறிஸ்துமசுக்கு வருஷா வருஷம் அதுவே கூப்பிடும்.

"அவங்கப்பா குடிக்கலைன்னு அவங்களுக்குச் சொல்லணும்ல? நாளைக்குச் சொல்றியா?"

...

"தாத்தா, நீ ம் சொல்லு."

ம்.

சரி, கண்ணை மூடு. கதை கரைக்கு வந்திருச்சு, நீயும் தூங்கிப் போ. பிலோமி எழுதின பேரு அடுத்த வருஷத்துத் தண்ணியிலயே அழிஞ்சு போச்சு. தூணு நிக்குது. அதுல நான் வெட்டின தடம் இருக்கு, செவப்பு கொஞ்சம் வெளுத்திருக்கு, ரெண்டு அடி மேல.